அதிகாலையில் எழுந்து பழகிய கதை: மதுரைக்காரர்களின் அனுபவங்கள்

வில்லாபுரத்திலிருந்து:

மதுரையில் சீக்கிரம் எழுவது கஷ்டம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கோயில் ஊர்தானே, ஐந்து மணிக்கெல்லாம் மீனாட்சி சன்னதியில் திருவனந்தல் பூஜை ஆரம்பிக்கிற ஊராச்சே என்பார்கள். உண்மைதான். ஆனால் இதே ஊர் ராத்திரி பன்னிரண்டுக்கும் முழித்துத்தான் இருக்கிறது. கொத்துப் பரோட்டா தட்டும் சத்தம் அடங்குகிற நேரத்தில் மாட்டுத்தாவணியில் காய்கறி லாரிகள் வந்து நிற்கும். ஊர் தூங்காமல் இருக்கலாம், அதில் குடியிருக்கிற ஒரு ஆள் இரண்டு பக்கமும் முழித்திருக்க முடியாது. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். நான் ராத்திரியை விட்டேன். நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான்.

கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் எனக்குக் கணக்கு வேலை. கடை சாத்த ஒன்பதரை ஆகிவிடும், சரக்கு வருகிற நாளில் பத்து. வீடு வந்து குளித்துச் சாப்பிட உட்காரும்போது பத்தரை. அப்புறம் கொஞ்ச நேரம் போன். கண் அசர பன்னிரண்டு தாண்டிவிடும். இப்படியே பல வருடம் ஓடியது. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வேலைக்குச் சாயங்காலம் நடக்க வழியே இல்லை. காலைதான் என்று முடிவானது.

தெப்பக்குளத்தில் தினமும் நடக்க வரும் ஒரு பெரியவர் பழக்கமானார். ஹார்வி மில்லில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அரைத்தூக்கத்தில் தள்ளாடி நடப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். "எத்தனை மணிக்கு அலாரம் வைக்கிறீங்க" என்று எல்லாரையும் போல அவர் கேட்கவில்லை. "தம்பி, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்றார். பத்தரை என்றேன். "அதை முதல்ல ஏழரைக்குக் கொண்டாங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார்.

அதைத்தான் செய்தேன். முதலாளியிடம் சொல்லி ஏழரைக்குக் கால் மணி நேரம் கேட்டு வாங்கினேன். வீட்டில் மதியச் சாப்பாட்டோடு இன்னொரு டப்பாவில் நான்கு இட்லி, கொஞ்சம் பொடி, நல்லெண்ணெய் என்று கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சில நாள் சப்பாத்தி. கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுவேன். வீடு திரும்பினால் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். சாப்பாட்டு வேலை இல்லாததால் பத்து மணிக்கெல்லாம் படுக்க முடிகிறது. வயிறும் லேசாக இருக்கிறது. போனை ஹாலில் டிவி பக்கத்தில் வைத்துவிடுவேன். அலாரத்தை நிறுத்த வேண்டுமானால் எழுந்து நடந்துதான் போக வேண்டும்.

டீ விஷயத்தையும் சொல்ல வேண்டும். ராத்திரி எட்டு மணி டீ எங்கள் கடைத்தெருவின் வழக்கம். ஒருவர் வாங்கினால் சுற்றி உள்ள எல்லாருக்கும் கிளாஸ் வரும், மறுக்கவும் மனம் வராது. ஆனால் டீயில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. எட்டு மணி டீ நடுராத்திரி ஒரு மணிக்கும் பாதி வேலை செய்கிறது என்று அர்த்தம். நாலு மணி டீயோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது எட்டு மணிக்கு எனக்குச் சுக்குத் தண்ணீர் வருகிறது. டீக்கடைத் தம்பிக்கும் பழகிவிட்டது.

எழும் நேரத்தை ஒரே நாளில் ஆறரையிலிருந்து ஐந்துக்கு இழுக்கவில்லை. கால் மணி முன்னால் நகர்த்துவது, உடம்பு பழகும் வரை அங்கேயே நிற்பது, மறுபடி கால் மணி. இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் எடுத்துக்கொள்கிறது. அதனால் நேரம் தள்ளிப் படுப்பது பலருக்கும் சுலபம், முன்னால் இழுப்பதுதான் பாடு. அதைத் தினமும் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். உடம்புக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு, நடை முடிந்ததும் உடனே வீட்டுக்கு ஓடாமல் தெப்பக்குளத்துப் படியில் கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்கிறேன். அப்படி உட்கார்ந்த நாட்களில் ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் தானாக வருகிறது. மேகமூட்டமாக இருந்தாலும் வெளி வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் மழைக்காலத்திலும் இதை விடுவதில்லை.

பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்று பலரும் நாலரை மணியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்குப்படி அது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் இருப்பது. மதுரையில் மே கடைசியில் ஆறுக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடுகிறது. ஜனவரி கடைசியில் 6:40ஐ ஒட்டித்தான் வருகிறது. அப்படியானால் அந்த முகூர்த்தமும் மே மாதம் 4:20 வாக்கில், ஜனவரியில் ஐந்து மணியைத் தாண்டி. நம் பெரியவர்கள் சூரியனைப் பார்த்து நேரம் வைத்தார்கள், நாம் செல்போனைப் பார்த்து வைக்கிறோம். தை மாத இருட்டில் எழச் சிரமப்படுகிறவர்கள் அரை மணி தள்ளி வைத்துக்கொண்டால் ஒன்றும் குறையாது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். லண்டனில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்றும் கண்டார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரை ஊருக்குள் வரவேற்கும் எதிர்சேவை பார்த்து, அப்படியே விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்குவதும் பார்த்தால் தூக்கம் எங்கே? அன்று கணக்கு வைக்கவே கூடாது. மறுநாள் பழைய நேரத்துக்கு எழுந்தால் போதும்.

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து:

அண்ணே, நீங்கள் சொன்ன ஏழரை மணிச் சாப்பாடு எங்கள் வீட்டில் ஏழு மணிச் சாப்பாடு. மல்லித் தோட்டம் வைத்திருக்கிறோம். நான் பிறந்தது மதுரை டவுனில், கல்யாணமாகித்தான் இங்கே வந்தேன். அம்மா வீட்டில் ஏழு மணிக்கு எழுந்த பெண், இங்கே நாலு மணிக்குத் தோட்டத்தில்.

என் மாமியார் என்னை எழுப்பவே இல்லை. அவர் பாட்டுக்கு எழுந்து, டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, இடுப்பில் சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு போய்விடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் நானாகத்தான் பின்னால் போனேன். பறிக்கிற மொட்டு எது என்று அவர் கையைப் பிடித்துக் காட்டினார். அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு வெள்ளையாக, நுனி திரண்டு, விரலுக்கு இறுக்கமாக இருக்கும். நாளைய மொட்டு பச்சை கலந்து ஒல்லியாக இருக்கும், அதைத் தொடக் கூடாது. கொஞ்ச நாளில் டார்ச் இல்லாமல் விரலே சொல்லிவிடும். வெயில் ஏறினால் மொட்டின் இறுக்கம் போய்விடும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலையும் போய்விடும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பூவின் பின்னால் இத்தனை பெண்களின் இருட்டு நேர உழைப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மார்கழி, தையில் பனியால் பூ குறைந்துவிடும். கிலோ ஆயிரக்கணக்கில் போகிற நேரத்தில்தான் பறிக்கப் பூ இருக்காது. அப்போதும் நாலு மணிக்குக் கண் திறந்துகொள்கிறது. கோலம் போடுகிறேன், பிள்ளைகள் எழும் முன் சமையல் முடிகிறது. எனக்காக ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்றால் உடம்பு எழுந்துகொள்கிறது. வெறும் நல்ல பழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தால் நான் எழுந்திருப்பேனா தெரியவில்லை. மதியம் சாப்பிட்டதும் அரை மணி கண்டிப்பாகப் படுப்போம், ராத்திரி எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம்.

கே.கே. நகரிலிருந்து:

நான் நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி ட்யூட்டி. மேலே எழுதியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் எங்களைப் போன்றவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நைட் ட்யூட்டி முடித்து எட்டரைக்கு வீடு வந்து படுத்தால், "பொம்பளப் பிள்ளை சூரியன் முதுகுல அடிக்கிற வரைக்கும் தூங்குது" என்று உறவில் ஒருவர் வாசலில் நின்று சொல்வார். ராத்திரி முழுக்க வார்டில் நின்ற கால் அது என்று அவருக்குத் தெரியும், இருந்தும் சொல்வார். மனசு வலிக்கும்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். எத்தனை மணிக்கு எழுகிறோம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். நைட் வாரங்களில் ஜன்னலுக்குக் கனத்த போர்வை கட்டி, போனைச் சைலன்ட்டில் போட்டு, சாயங்காலம் நாலு வரை தூங்குகிறேன். வீடு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், காலை வெயில் பட்டால் தூக்கம் ஓடிவிடும் என்பதால். பகல் ட்யூட்டி வாரம் வந்தால் ஐந்தரைக்கு எழுவேன். எனக்கு அதுவே அதிகாலை.

மேலூரிலிருந்து:

பள்ளி ஆசிரியர் நான். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பிவிடும் பெற்றோர் நிறைய. அந்த வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளி ஓடும், சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டிய வயது அது. பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழுந்த பிள்ளை முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதைத் தினமும் பார்க்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளையை அதட்ட எனக்கு மனம் வருவதில்லை. அதிகாலைப் படிப்பு நல்லதுதான், எட்டு மணி நேரத் தூக்கம் மிஞ்சுகிற மாதிரி ராத்திரிப் படிப்பை முன்னாலேயே நிறுத்தத் தயாராக இருந்தால். இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

மறுபடியும் வில்லாபுரத்திலிருந்து:

நர்ஸ் அக்கா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஏழு மணி நேரம் கிடைக்காதவர் யாரும் என் பதிவைப் பார்த்து அலாரத்தை முன்னால் வைக்க வேண்டாம்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதற்கு இங்கேயே பதில். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நடக்கும்போது பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். இருட்டில் தனியாக நடக்கத் தயங்குகிற பெண்கள் தெருவில் நடப்பதைவிட ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்ப்பது நல்லது. தெப்பக்குளத்தைச் சுற்றி விடியும் முன்பே ஆட்கள் இருப்பார்கள், ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் பக்கமும் அப்படியே. தெப்பக்குளத்துக்கு வருகிறவர்கள் சொல்லுங்கள், ஐந்தரைக்கு நான் அங்கேதான் இருப்பேன், சேர்ந்தே நடக்கலாம்.