‘கான் கேர்ள்’ முடிவு: நிக் ஏன் கிளம்பிப் போகவில்லை? (ஸ்பாய்லர் உண்டு)

வேளச்சேரிக்காரன்:
நேற்று ராத்திரி நானும் வீட்டம்மாவும் டேவிட் ஃபின்ச்சரின் ‘கான் கேர்ள்’ பார்த்தோம். 2014 படம், எப்படியோ இத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது. இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை, ஆனால் முடிவுதான் எனக்கு ஒட்டவில்லை. புருஷன் நிக்மேல் கொலைப்பழி விழட்டும் என்றே காணாமல் போன எமி, இன்னொருவன் கழுத்தை அறுத்துவிட்டு ரத்தக்கறையோடு வாசலில் வந்து நிற்கிறாள், எல்லாம் தெரிந்தும் நிக் அவளோடு ஜோடியாக டிவி பேட்டிக்கு உட்காருகிறானே, ஏன்? அவள் வயிற்றில் இருக்கிற குழந்தைக்காக என்றேன். “உங்களுக்குப் படமே புரியல” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் காபி கொடுக்கும்போதும் விளக்கவில்லை.

நைட்ஷோ நாகு:
அண்ணே, அண்ணி சொன்னது சரி. குழந்தை ஒரு சாக்கு. எமி திரும்பி வந்ததே டிவியில் நிக் உருகி உருகி மன்னிப்புக் கேட்டதைப் பார்த்துத்தான். அது நடிப்பு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அந்த நடிக்கிற நிக்தான் அவளுக்கு வேண்டும். முதல் சந்திப்பில் உன் தாடை வில்லன் தாடை என்று அவள் கிண்டல் பண்ண, அவன் இரண்டு விரலால் அதை மறைப்பான், ஞாபகம் இருக்கிறதா? அந்த மன்னிப்புப் பேட்டியிலும் விரல் தாடைக்குப் போகும், கவனித்துப் பாருங்கள். ஊருக்கே ஒரு பேச்சு, அவளுக்கு மட்டும் ஒரு ஜாடை. நிக்கின் இரட்டைச் சகோதரி மார்கோ உடைந்து அழுவதும் இதனால்தான், நிக்குக்கே உள்ளூரப் போக மனசில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

டைரி பைத்தியம்:
எனக்குப் பிடித்தது, நிக்கை மாட்டிவிட எமி எழுதுகிற டைரிதான். வேறு வேறு பேனா எடுத்து, பழைய தேதி போட்டு உட்கார்ந்து எழுதுகிறாள் பாருங்கள், அப்பா! ஆரம்பப் பக்கங்கள் நிஜம், போகப்போகப் புளுகு. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நாமே பாதியில் சந்தேகப்பட்டிருப்போம்.

மயிலாப்பூர் தாத்தா:
இதற்கெல்லாம் ஹாலிவுட் வரை போக வேண்டாம். நம்ம ஏவிஎம் 1954-லேயே ‘அந்த நாள்’ எடுத்துவிட்டது. வீணை பாலசந்தர் இயக்கம், ஒரு பாட்டுக்கூடக் கிடையாது, படம் தொடங்கியதுமே சிவாஜி குண்டடிபட்டு விழுவார். 1943-இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்துக் கதை. துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன் வந்து ஒவ்வொருவராக விசாரிக்க, கடைசியில் பார்த்தால் குண்டு வந்தது பெண்டாட்டி பண்டரிபாய் கைத் துப்பாக்கியிலிருந்து. புருஷன் தேசத்தை விற்கிறவன் என்று தெரிந்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. இங்கே என்னடாவென்றால் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் பண்ணுகிறார்கள்.

வேளச்சேரிக்காரன்:
தாத்தா, ‘அந்த நாள்’ நான் பார்த்ததில்லை. இந்த வாரம் பார்க்கலாம் என்று லிஸ்டில் வைத்திருந்தேன்!

மயிலாப்பூர் தாத்தா:
தலைப்பிலேயே ஸ்பாய்லர் உண்டு என்று போட்டது நீங்கள்தானே தம்பி?

வேளச்சேரிக்காரன்:
சரி சரி. நாகு, தாடை விஷயத்தை வீட்டம்மாவிடம் சொன்னேன், நானே கண்டுபிடித்த மாதிரி. “எந்தத் தளத்துல படிச்சீங்க?” என்றாள்.