விரைவுச்சாலையோர வீடுகளில் படியும் கரி: எந்தப் போக்குவரத்து நடவடிக்கை இதைக் குறைக்கும்?

தோபாயோவாசி:
சிங்கப்பூரின் தோபாயோவில், தீவு விரைவுச்சாலையை ஒட்டிய அடுக்குமாடி புளோக் ஒன்றில் குடியிருக்கிறோம். சன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்தால் துணி கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது; அந்தத் தூளை விரல்களுக்கிடையே தேய்த்தால் மைபோல் பிசுபிசுக்கிறது. கைபேசியில் பிஎஸ்ஐ எனும் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்தாலோ, புகைமூட்டக் காலம் தவிர மற்ற நாள்களில் காற்று நன்றாகவோ மிதமாகவோ இருப்பதாகவே காட்டுகிறது. என் மாமியாருக்கு ஆஸ்துமா இருப்பதால் இதை வெறும் வீடு துடைக்கும் வேலையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாகனம் பதிவுசெய்யத் தேவைப்படும் வாகன உரிமைச் சான்றிதழ், சாலையில் செல்லும்போது தானாகக் கழிக்கப்படும் மின்னியல் சாலைக் கட்டணம் என்று கார்களுக்கு இத்தனை கட்டுப்பாடுகள் இருந்தும் இந்தக் கரி எங்கிருந்து வருகிறது? மின்சாரக் கார்கள் பெருகினால் இது குறைந்துவிடுமா? அடுத்த மாதம் எங்கள் வட்டாரக் குடியிருப்பாளர் கலந்துரையாடலில் இதைப் பற்றிப் பேச நினைக்கிறேன். எதைக் கேட்பது பயனுள்ளதாக இருக்கும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வரைபடம்:
பிஎஸ்ஐ என்பது தீவை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, ஆறு மாசுப்பொருள்களின் அளவை வைத்துச் சொல்லப்படுவது. வாகனப் புகையின் அடர்த்தி சாலையிலிருந்து ஓரிரு நூறு மீட்டருக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், சாலையோரச் சன்னலின் நிலையை வட்டார அளவு காட்டாது.

கட்டுப்பாடுகளைப் பொறுத்தவரை, அவை எதற்காக வந்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1975 ஜூன் மாதத்தில் நகர மையத்திற்குள் நுழைய நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உரிமக் கட்டணம் விதிக்கப்பட்டபோது நோக்கம் நெரிசலைக் குறைப்பது. சரக்கு வாகனங்களுக்கு 1989 வரை அந்தக் கட்டணமே கிடையாது. 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது; 1998இல் வந்த மின்னியல் கட்டணம் விரைவுச்சாலைகளில் வேகம் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வரை இருக்கும்படி ஏற்றி இறக்கப்படுகிறது. நின்று நின்று ஊரும் வாகனம் அதிகம் புகைக்கும் என்பதால் காற்றுக்கும் அதனால் நன்மை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் காற்றை நேரடியாகத் தொட்டவை எரிபொருள் விதிகள்தாம்: 1998இல் ஈயம் கலந்த பெட்ரோல் விலக்கப்பட்டது, டீசலில் கந்தகத்தின் அளவு 2005 இறுதியில் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2013இல் 10 பங்காகவும் குறைக்கப்பட்டது. கந்தகம் நிறைந்த டீசலை ஊற்றினால் புகைபோக்கியில் பொருத்தும் வடிகட்டிகள் கெட்டுவிடும். ஆகவே எரிபொருளை முதலில் சுத்தப்படுத்தாமல் வாகனத்தைச் சுத்தப்படுத்தியிருக்க முடியாது.

துவாஸ்_பட்டறை:
லாரி பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் கரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் சன்னலில் படிவதில் பெரும்பகுதி டீசல் வாகனங்களுடையதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. இங்கே புதிய டீசல் வாகனங்களுக்கு 2006 அக்டோபரிலிருந்து யூரோ 4 எனும் ஐரோப்பியப் புகைவரம்புத் தரமும் 2018 ஜனவரியிலிருந்து அதைவிடக் கடுமையான யூரோ 6 தரமும் கட்டாயம். கனரக எஞ்சின்களைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் இடையே நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமாக இறங்கியது. நுண்துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்ததால் கரிவடிகட்டி இல்லாமல் லாரி விற்க முடியாத நிலை ஏற்பட்டது. ஆனால் சரக்கு வாகனம் ஒன்று இங்கே 20 ஆண்டுகள் வரை ஓடலாம். 2010இல் பதிவான யூரோ 4 லாரி 2030 வரை உங்கள் வீட்டைக் கடந்து போக முடியும் என்பதே இதன் பொருள். பழைய லாரிகளை முன்கூட்டியே மாற்ற 2013இல் சலுகைத் திட்டம் வந்தது. பலர் மாற்றினார்கள், கையில் காசில்லாத சிறு முதலாளிகள் மாற்றவில்லை.

புதிய லாரியிலும் ஒரு சிக்கல் உண்டு. வடிகட்டியில் சேரும் கரி எரிந்துபோக வேண்டுமானால் வாகனம் நல்ல வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓடியாக வேண்டும். கட்டுமானத் தளத்திற்கும் கிடங்கிற்கும் இடையே குறுந்தூரம் ஓடி ஓடி நிற்கும் லாரிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுநர் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவார். வடிகட்டி முழுவதும் அடைத்து எஞ்சின் திணறும்போதுதான் பட்டறைக்கு வருவார். அந்த லாரிகளின் பின்புறம் அமர்ந்து வேலைக்குப் போகிற நம் ஊர்த் தம்பிகள் உங்களைவிட அதிகமாக இந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதையும் கலந்துரையாடலில் சொல்லுங்கள்.

மின்வண்டி_ரசிகர்:
மின்சாரக் கார்கள் நல்லவைதாம். நானே ஒன்று வைத்திருக்கிறேன். டீசல் கார்களையும் டாக்சிகளையும் 2025 முதல் புதிதாகப் பதிவுசெய்ய முடியாது, 2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதி மின்சாரத்தில் ஓடும் என்பதெல்லாம் சரியான பாதை. ஆனால் டயரும் சாலையும் உராய்ந்து எழும் தூள் மின்சார வண்டியிலும் வரும்; வண்டியின் எடை கூடுதல் என்பதால் சற்று அதிகமாகவே வரலாம். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்மானம் மட்டும் குறைவு. சன்னல் கம்பி முற்றிலும் வெளுத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தோபாயோவாசி:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் கார்களைப் பற்றிப் பேசுவதைவிட லாரிகளைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று தோன்றுகிறது. பட்டறை அண்ணே, மின்சார லாரிகளுக்கு முதலாளிகள் ஏன் இன்னும் மாறவில்லை?

துவாஸ்_பட்டறை:
விலையும் மின்னேற்றமும்தான் காரணம். 3,500 கிலோ வரையுள்ள சிறு வாகனங்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்தே மாசளவைப் பொறுத்த ஊக்கத்தொகை இருந்ததால் மின்சார வேன்கள் கண்ணில் படுகின்றன. கனரக மின்வாகனங்களுக்கு 40,000 வெள்ளி ஊக்கத்தொகை என்பது 2026 ஜனவரியில் தொடங்கிய திட்டம். லாரி இரவில் நிற்பது கனரக வாகனப் பேட்டையில். அங்கே மின்னேற்றி இல்லையென்றால் எந்த முதலாளி வாங்குவார்? எனவே உங்கள் வட்டாரத்துப் பேட்டையில் எத்தனை மின்னேற்றிகள் எப்போது வரும் என்று கேளுங்கள். இன்னொன்று: நிறுத்திய வாகனத்தில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். உங்கள் புளோக்கின் கீழே சரக்கு இறக்கும் லாரிகள் அப்படி நின்றால், வாகன எண்ணையும் நேரத்தையும் குறித்துத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திற்கு அனுப்புங்கள். அதற்குக் கலந்துரையாடல் வரை காத்திருக்கத் தேவையில்லை.