ரிதம் கிட்டார்: வலது கையா, இடது கையா?

லயப்பித்தன்:
நல்ல ரிதம் கிட்டாரிஸ்ட் (பாட்டுக்குத் தாளமும் கார்டும் வாசிப்பவர்) யார் என்று பேச்சு வந்தாலே, எத்தனை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தெரியும், என்னென்ன இன்வெர்ஷன் (அதே சுரங்களின் வேறு அடுக்கு) பிடிக்கிறார் என்று, தந்தியை அழுத்தும் இடது கையைத்தான் எடை போடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. விஷயம் முழுக்க, தந்தியை அடிக்கும் வலது கையில் இருக்கிறது.

மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 210 தட்டுக்கு மேல். தட்டுக்கு இரண்டு டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கிய அடி) வீதம் வினாடிக்கு 7 அடி. மேலும் கீழுமாக அடித்தால் பாதி உழைப்பில் முடிந்துவிடும், ஆனால் ஒலி மாறிவிடும். கீழ்நோக்கி அடிக்கும்போது பிக் (தந்தியை அடிக்கும் சிறு தகடு) முதலில் தொடுவது தடித்த தந்தியை, மேல்நோக்கி வரும்போது மெல்லிய தந்தியை. அதனால் ஒரு அடி கனமாகவும் அடுத்தது வெளிறியும் கேட்கும். ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் ஜானி ரமோனும் முழுக்க டவுன் ஸ்ட்ரோக்கையே நம்பியதற்கு இந்தக் கனம்தான் பலன்.

பலர் இதில் தடுமாறுவது முழங்கையிலிருந்து அடிப்பதால். முன்கை சீக்கிரமே இறுகிப்போகும். பிக்கின் முனை 2–3 மி.மீ. மட்டும் வெளியே தெரியட்டும், அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். நிமிடத்துக்கு 140 தட்டில் தொடங்கி, இறுக்கம் இல்லாமல் இரண்டு நிமிடம் போனால் மட்டும் 4 கூட்டுங்கள்.

ஒன்பதாம்கார்டு:
லயப்பித்தன் சார், வேகத்தை வைத்து அளந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரிதம் என்பது அடி எப்போது தொடங்குகிறது என்பது மட்டுமல்ல, எப்போது நிற்கிறது என்பதும்தான். நிறுத்துவது இடது கை.

ஃப்ரெடி கிரீன் 1937இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்து 1987இல் மறையும்வரை அங்கேயே வாசித்தார். கையில் ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாத ஆர்ச்டாப் (மேற்பலகை வளைந்த) கிட்டார். நான்கு தட்டு கொண்ட ஒரு பாருக்கு நான்கு டவுன் ஸ்ட்ரோக், அவ்வளவுதான். வலது கையில் மர்மமே இல்லை. கைவடிவம் முழு கார்டாக இருந்தாலும் பெரும்பாலும் நான்காம் தந்தியின் (மெல்லியதிலிருந்து எண்ணினால்) சுரம்தான் தெளிவாகக் கேட்கும். மற்றத் தந்திகளை இடது கை விரல்கள் அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். அடித்ததும் பிடி தளரும், ஒலி அறுபடும். அந்த அறுபடலால்தான் பேஸும் டிரம்ஸும் கிட்டாரும் ஒரே வாத்தியம் போல ஒட்டிக்கொள்கின்றன. பிடியைத் தளர்த்தாமல் அதே நான்கு அடியை அடித்துப் பாருங்கள், கார்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து மொத்தமும் கூழாகிவிடும்.

ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸும் அப்படித்தான். வலது கை தட்டுக்கு நான்கு என்று நிற்காமல் ஓடுகிறது. 110 தட்டு வேகத்தில் நிமிடத்துக்கு 440 அசைவு. அதில் எது கார்டாக ஒலிக்கும், எது வெறும் ‘சக்’ என்று கேட்கும் என்பதை முடிவு செய்வது இடது கையின் அழுத்தம். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுடன் வாசித்த ஜிம்மி நோலன் 1965லேயே இந்த வழியைத் திறந்துவிட்டார்.

புதுவிரல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘சக்’ வரவேண்டிய இடத்தில் ‘டிங்’ என்று மணி மாதிரி ஒரு ஒலி வருவது எதனால்?

ஒன்பதாம்கார்டு:
ஒரே விரலால் மியூட் செய்வதால் (ஒலியை அடக்குவதால்), புதுவிரல். 5, 7, 12ஆம் பிரெட்டுகளுக்கு (கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் கோடுகள்) நேர் மேலே ஒரு விரல் மட்டும் தொட்டால் வரும் அந்த மணி ஒலிதான் ஹார்மோனிக். குறைந்தது இரண்டு விரல்களாவது தந்திகளின் மேல் படிந்திருக்க வேண்டும். இ9 கார்டில் பழகுங்கள்: ஐந்தாம் தந்தியில் 7ஆம் பிரெட், நான்காவதில் 6, மற்ற மூன்றிலும் 7. மோதிர விரலைப் படுக்கவைத்து மெல்லிய மூன்று தந்திகளையும் பிடிக்கலாம். தளர்த்தும்போது விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் திறந்த தந்திகள் கத்தும். ஜமைக்காவின் ரெகே இசையில் 2, 4ஆம் தட்டுகளில் விழும் அந்த வெட்டு அடி பலருக்கு அசிங்கமாக வருவதும் இதனால்தான்.

கனத்தந்தி:
இரண்டு பேரும் கையையே பார்க்கிறீர்கள், கிட்டாரையும் கொஞ்சம் பாருங்கள். ஏசி/டிசி ராக் குழுவின் மால்கம் யங் வாசித்தது 1963 கிரெட்ச் கிட்டார். பிரிட்ஜ் (தந்திகளை உடலில் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்கப்பை (தந்தி அதிர்வை மின் ஒலியாக்கும் கருவி) மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைக் கழற்றிவிட்டார். தந்தியின் தடிமன் 12 முதல் 56 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்), இன்று பலர் போடும் 9, 10 செட்டுகளைவிட நன்றாகவே தடிமன். ஆம்பில் கெயின் (ஒலியைக் கரகரக்கவைக்கும் பெருக்கம்) குறைவு.

கெயின் குறைவாக இருப்பதுதான் இங்கே முக்கியம். கெயின் கூடினால் மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே அளவாகத் தட்டையாகிவிடும், கார்டின் மூன்றாம் சுரம் மற்றவற்றோடு உரசிக் கரகரக்கும். மால்கம் திறந்த கார்டுகளை முழுதாக அடித்தும் ஒவ்வொரு தந்தியும் தெரிவது அதனால். மெல்லிய தந்தியில் அந்தப் பலத்தோடு அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே போய் இறங்கும். கையை மட்டும் நகலெடுத்து, கெயினை 8இல் வைத்துக்கொண்டு ‘ஏன் அப்படி வரவில்லை’ என்று கேட்பதில் பயனில்லை.

லயப்பித்தன்:
கனத்தந்தி சொல்வதை முழுதாக ஏற்கிறேன். அது என் கட்சிக்கே பலம்: கெயின் குறைந்தால் வலது கையின் குற்றம் அப்படியே வெளியே தெரியும், ஒளிய இடமில்லை.

ஒன்பதாம்கார்டு, ராட்ஜர்ஸின் இடது கை 440 அசைவில் தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால், அந்த 440உம் சீராக வருவதால்தானே? வலது கை ஒருமுறை தயங்கினால் இடது கை எவ்வளவு சரியாக அழுத்தினாலும் கார்டு தப்பான இடத்தில் விழும். காலப்பிரமாணம் வலது கையில்தான் இருக்கிறது.

ஒன்பதாம்கார்டு:
சீர் மட்டும் போதுமா? சோல் இசைக் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிராப்பர் 1965இல் வாசித்த ‘இன் த மிட்நைட் ஹவர்’ கேளுங்கள். 2, 4ஆம் தட்டுகளில் கிட்டாரும் ஸ்நேர் டிரம்மும் ஒரு நூலளவு பிந்தி விழும். அந்தப் பிந்தல்தான் பாட்டின் அழகு.

ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு, மற்ற ஐந்தையும் ஜி-டி-ஜி-பி-டி என்று சுருதி கூட்டினார். கார்டின் மூல சுரமே இருப்பதில் தடித்த தந்தியில் வந்துவிட்டதால் ஐந்தையும் தயங்காமல் அடிக்கலாம். ஒரு விரலை எல்லாத் தந்திகளின் மேலும் படுக்கவைத்து ‘பார்’ பிடித்தால் மேஜர் கார்டு. பாரை விடாமல் இரண்டாம் தந்தியில் ஒரு பிரெட்டும் நான்காம் தந்தியில் இரண்டு பிரெட்டும் தள்ளி வைத்தால் நாலாம் கார்டு (மூலத்திலிருந்து நாலாம் சுரத்தின் கார்டு). அந்த இரண்டு விரல்கள் வந்து போவதே ரிதம் ஆகிறது. இதை வலது கை எப்படி உண்டாக்கும்?

கனத்தந்தி:
வாய்ப்பேச்சு வேண்டாம், பதிவு செய்து பார்ப்போம். 100 தட்டு வேகத்துக்கு மெட்ரோனோமை (தட்டுகளை ஒலிக்கும் தாளக் கருவி) 50இல் வைத்து, அந்த ஒலியை 2, 4 என்று எண்ணி வாசியுங்கள். 1உம் 3உம் நம் பொறுப்பு. பதிவை அலைவடிவமாகப் பெரிதாக்கினால் ஒவ்வொரு அடிக்கும் தொடக்கமும் முடிவும் தெரியும். தொடக்கம் அலைந்தால் வலது கை, முடிவு அலைந்தால் இடது கை. பெரும்பாலும் முடிவுதான் அலையும்.

ஒன்பதாம்கார்டு:
நான் சொல்வதும் அதைத்தான். முடிவில்தான் கோட்டை விடுகிறோம், முடிவு இடது கையில்.

லயப்பித்தன்:
எல்லா இடத்திலும் இல்லை. பாம் மியூட்டில் ஒலியைச் சுருக்குவது பிரிட்ஜின் மேல் படியும் வலது உள்ளங்கையின் விளிம்பு. சேடலுக்கு (பிரிட்ஜில் தந்தி உட்காரும் முனை) மேலேயே வைத்தால் ஒலி கொஞ்சம் நீளும், 1 செ.மீ. முன்னால் நகர்த்தினால் ‘தக்’ என்று செத்துவிடும், மிதக்கும் (ஸ்பிரிங்கில் அசையும்) பிரிட்ஜில் அழுத்தினால் சுருதியே ஏறும். ஹெட்ஃபீல்டின் பதிவை அலைவடிவத்தில் போட்டால் தொடக்கத்தையும் முடிவையும் அந்த ஒரே கைதான் போட்டிருக்கும்.