ஒரே மேசையில சும்மா ஆடுறவங்களும் வெல்ல வாறவங்களும்: குரூப் உடையாமக் கொண்டுபோறது எப்படி?

வாவிக்கரை (கேள்வி)

மட்டக்களப்பில மாசத்துக்கு ஒரு ஞாயிறு வோர்ஹாமர் 40,000, பத்தாம் பதிப்பு போடுறம் (சின்னப் படை மொடல்களை மேசையில நகர்த்தி, டைஸ் உருட்டி ஆடுற போர் விளையாட்டு). கல்லடியில இருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை வரைக்கும் ஒன்பது பேர். கொம்புமுறி விளையாட்டுக்கு ஊர் வடசேரி, தென்சேரி எண்டு பிரிஞ்ச மாதிரி இப்ப ரெண்டு பக்கமா நிக்கிறம்.

நாலு பேர் சுற்றுப்போட்டி லிஸ்டோட, அதாவது வெல்லுறதுக்கெண்டே தெரிவுசெஞ்ச படைப் பட்டியலோட வாறாங்க. 2000 பொயின்ட் (ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒண்டா நகருற மொடல் கூட்டத்துக்கும், ஒரு பொயின்ட் விலை), நல்ல யூனிட் எதுவோ அது மூண்டு மூண்டா, சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். மற்ற அஞ்சு பேரும் கையில இருக்கிற, தங்களுக்குப் பிடிச்ச மொடலை வைச்சு ஆடுறவங்க. ரெண்டாம் ரவுண்ட் முடிய முதலே ஆட்டம் தீர்ந்திடுது. தோத்தவன் “இது விளையாட்டா, சோதனையா” எண்டுறான். வெண்டவன் “புத்தகத்தில இருக்கிறதைத்தானே செய்தன்” எண்டுறான். ரெண்டு பேர் சொல்லுறதும் சரியாத்தான் கிடக்கு.

மேசை எண்டா சாப்பாட்டு மேசைக்கு மேல பச்சைத் துணி, நாலு வீடு, ரெண்டு மரம். பின்னேரம் 2 மணிக்குத் தொடங்கி கல்முனைப் பக்கம் போற ஆக்கள் பஸ் எடுக்க முதல் முடிக்கோணும்.

குரூப்பை ரெண்டாக்கிறதா, லிஸ்டுக்குக் கட்டுப்பாடு போடுறதா, வேற வழி இருக்கா? “ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுங்க” எண்டு மட்டும் எழுதிப்போடாதீங்க, அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு.

---

ஒண்டுவிழுந்தடைஸ்

முதல்ல கணக்கைப் பாருங்க, மறுகா மனநிலையைக் கதைப்பம்.

ஒரு யூனிட் 10 வேட்டு வைக்குது. டைஸில 3+ (3 அல்லது அதுக்கு மேல) விழுந்தா படும், 4+ இல காயம், எதிராளிக்கு அதைத் தடுக்க 4+ காப்பு. சராசரியா 6.67 படும், 3.33 காயம், அதில 1.67 உள்ளுக்குப் போகும். அதே யூனிட்டுக்கு, படாததையும் காயப்படுத்தாததையும் திருப்பி உருட்டலாம் எண்டு ரெண்டு சட்டம் எங்கயோ இருந்து கிடைச்சா? 8.89 படும், 6.67 காயம், 3.33 உள்ளுக்கு. சரியா ரெண்டு மடங்கு. துப்பாக்கி அதே துப்பாக்கிதான்.

இதாலதான் “ரெண்டு பேரும் 2000 பொயின்ட்தானே” எண்டுற கதை எடுபடாது. பிடிச்ச மொடலைச் சேர்த்தவன்ட 2000 தனித்தனியா நிக்கும். போட்டிக்காரன்ட 2000 ஒண்டையொண்டு தூக்கிவிடும். ரெண்டாம் ரவுண்டில ஆட்டம் தீர்றதுக்கு இதுதான் காரணம், ஆளிட குணம் இல்ல.

புத்தகச் சட்டத்தில ஒரே டேட்டாஷீட் (ஒரே வகை யூனிட்) 3 வரைக்கும் எடுக்கலாம், பட்டல்லைன் எண்டுற அடிப்படை யூனிட் எண்டா 6. நீங்க அதை 2, 4 எண்டு ஆக்குங்க. மறைவுக்குப் பின்னால இருந்து, பாக்காமலே சுடுற இன்டிரெக்ட் யூனிட் ஒண்டுக்கு மேல வேணாம். இந்த ரெண்டும் போதும். பத்துக் கட்டுப்பாடு போட்டா அந்தப் பத்துக்கையும் ஓட்டை தேடுறதுதான் போட்டிக்காரன்ட சந்தோசம்.

ஒண்டு மட்டும் போட்டிக்காரங்களுக்காகச் சொல்லோணும். அளவில கறாரா நிக்கிறதைக் கெட்ட குணம் எண்டு எடுக்காதீங்க. டீப் ஸ்ட்ரைக்கில, அதாவது வெளிய வைச்ச யூனிட்டை நடு ஆட்டத்தில மேசைக்கு இறக்கக்குள்ள, எதிராளிக்கு 9 அங்குலத்துக்கு மேல தள்ளித்தான் இறக்கோணும். அங்க இருந்து சார்ஜ் (கைச்சண்டைக்குப் பாயிறது) போக ரெண்டு டைஸில 9 வேணும். 36 இல 10 வாய்ப்பு, அதாவது 27.8 சதவீதம். திருப்பி உருட்ட வழி இருந்தா 47.8. கை ஒள்ளம் சறுக்கி 8 அங்குலத்துக்கு ஒள்ளம் மேல வைச்சிட்டா 8 விழுந்தாலே போதும், வாய்ப்பு 41.7 ஆகிடும். அந்த ஒரு அங்குலத்தில ஆட்டமே மாறும். டேப்பைக் குனிஞ்சு பாக்கிறவனைச் சிரிக்காதீங்க.

---

பசைக்கை

கல்முனையில இருந்து. உங்கட பாதிப் பிரச்சினை மேசையிலதான் கிடக்கு. வழமையான 44×60 அங்குல மேசைக்கு நாலு வீடும் ரெண்டு மரமும் எண்டா அது வயல்வெளி. முதல் ஆடுறவன் மற்றவன் அசைய முதலே அவன்ட நல்ல யூனிட்டைத் தூக்கிடுவான். அதைப் பாத்திட்டு “இவன் வெல்ல வந்தவன்” எண்டு பேர் வைக்கிறம். மறைவு இருந்தா அதே லிஸ்ட் அவ்வளவு கொடூரமாத் தெரியாது.

8×4 அடி பிளைவூட் ஷீட் ஒண்டு, 9 மில்லிமீட்டர். 60 அங்குலத்தில குறுக்க வெட்டி, 48 ஐ 44 ஆக்குங்க. இது மேசைக்கு மேல போகும்.

மறைவுக்கு வைக்கிற இடிபாடுகளுக்கு அடித்தட்டு 3 மில்லிமீட்டர் ஹாட்போட்: 12×6 அங்குலத்தில ஆறு, 10×5 இல ரெண்டு, 6×4 இல நாலு. பெரிய எட்டுக்கும் எல் வடிவத்தில 5 அங்குல உயரச் சுவர். கீழ்மாடி யன்னல் எல்லாம் அடைச்சே இருக்கோணும். அழகுக்கு யன்னல் வெட்டினா அதுக்குள்ளால தெரியுதா இல்லையா எண்டு ஒவ்வொரு ஆட்டத்திலயும் சண்டை. சட்டம் சுகமானது: இடிபாட்டுத் தட்டுக்கு மேலாலயோ குறுக்காலயோ அங்கால பாக்கேலா. உள்ளுக்குப் பாக்கலாம், முழுசா உள்ளுக்க நிக்கிறவன் வெளிய பாக்கலாம். தட்டிட விளிம்பு தெளிவாத் தெரிஞ்சா கதை முடிஞ்சுது.

சுவருக்கு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) பாவிக்கிறது எண்டா மூண்டு விசயம் கவனம். ஸ்பிரே பெயின்ட் நேரா அடிச்சா அதில இருக்கிற கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும், சுவர் பால்கட்டி மாதிரிக் குழிவிழும். சுப்பர் குளூவும் அதே வேலையைத்தான் செய்யும். ஒட்டுறதுக்கு மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசை. அதே பசை 2 பங்கு, தண்ணி 1 பங்கு, ஒள்ளம் கறுப்பு அக்ரிலிக் கலந்து ரெண்டு பூச்சு. ஒவ்வொண்டும் ஒரு இரவு காயோணும். ரெண்டும் காய்ஞ்ச மறுகா ஸ்பிரே அடிக்கலாம், ஆனா பொத்துக்கிடக்கிற இடம் ஒண்டும் இருக்கப்படாது.

நிலத்துக்கு ஒட்டுற மணல் கடற்கரையில எடுத்தா மூண்டு தரம் நல்ல தண்ணியில அலசுங்க. உப்பு கிடந்தா மாரிக்கு ஈரத்தை இழுத்து, பெயின்டுக்கு மேல வெள்ளையாப் பூக்கும்.

ரெஜிபோமுக்கு மூண்டாவது விசயம், பாரம். ரெஜிபோம் இடிபாடு சீலிங் ஃபேனுக்கே நகரும். அடித்தட்டுக்குக் கீழ ரெண்டு மூண்டு இரும்பு வொஷர் ஒட்டிவிடுங்க.

அடுக்கிற விதம்: போர்டை அரைவட்டம் சுத்தினாலும் அதே மாதிரித் தெரியோணும். அப்ப “உனக்கு நல்ல பக்கம்” எண்டுற கதை எழும்பாது. அடுக்கி முடிய ஒரு நூலை எடுத்து, ஒரு ஆள் தொடக்கத்தில படையை வைக்கிற இடத்தில இருந்து மற்ற ஆளிட இடத்துக்கு இழுத்துப் பாருங்க. ஒண்டிலயும் முட்டாம நூல் போற வழி ரெண்டு மூண்டுக்கு மேல இருந்தா நடுவில இருக்கிற பெரிய தட்டை ஒள்ளம் திருப்புங்க.

---

சும்மாவந்தன்

பசைக்கை நானா சொன்னதில பிழையே இல்ல, ஆனா மேசை திருந்தினாலும் வாய் திருந்தோணும். சுற்றுப்போட்டிக்கு ஒரு சட்டக்கோவை இருக்கு. நேரம், மிஷன், எந்த மொடல் செல்லும், எல்லாம் அதில எழுதிக்கிடக்கும். ரெண்டு பேரும் கதைக்கவே தேவையில்ல. சும்மா ஆடுற ஆட்டத்துக்கு அப்படி ஒண்டும் இல்ல. அப்ப எங்களுக்குத்தான் கூடக் கதைக்க வேண்டிக் கிடக்கு, ஆனா நாங்கதான் கதைக்கிறதே இல்ல.

முதல் நாள் இரவு ரெண்டு பேரும் லிஸ்டைப் படமெடுத்து மாத்திக்கொள்ளுங்க. வாட்ஸ்அப்பில மூண்டு கேள்வி: இந்த லிஸ்ட் எதைச் செய்யத் தேடுது? என்னைத் திடுக்கிட வைக்கிற சட்டம் உன்னட்ட எது? மறந்துபோனதைத் திரும்பிப் போய்ச் செய்ய விடுவமா, எதுவரைக்கும்? மூண்டாவதுதான் முக்கியம். “அதே கட்டத்துக்குள்ள (நகர்த்துறது, சுடுறது மாதிரி), டைஸ் உருட்ட முதல் எண்டா சரி” எண்டு வைச்சா சண்டை வராது. அதோட, சாய்ஞ்சு நிக்கிற டைஸ் திருப்பி உருட்டுறதா இல்லையா எண்டதையும் அப்பவே சொல்லிப்போடுங்க.

ஆடுற நேரம் நினைச்சதை வாயால சொல்லி ஆடப் பழகுங்க. இப்படி:

“இவனை இந்தச் சுவருக்குப் பின்னால வைக்கிறன். உன்ட டாங்கிக்கு இவன் தெரியப்படாது. சரியா?”
“இடது கால் ஒள்ளம் வெளிய நிக்குது. இந்தப் பக்கம் தள்ளு… ஆ, இப்ப தெரியா.”

அவ்வளவுதான். மறுகா மேசை முட்டுப்பட்டு மொடல் அரை அங்குலம் நகர்ந்தாலும் ரெண்டு பேருக்கும் பேச்சு ஞாபகம் இருக்கும். கெட்டிக்காரப் போட்டிக்காரங்க இப்படித்தான் ஆடுவாங்க. எதிராளியிட கண் பிசகை வைச்சு வெல்லுறது அவங்களுக்கே கேவலம்.

பெயின்ட் 10 புள்ளி: ஒரு ஆட்டத்தில உச்சம் 100. பிரைமரி (முதன்மை இலக்கு) 50, செகண்டரி (துணை இலக்கு) 40, மிச்சம் 10 பெயின்ட் அடிச்ச ஆமிக்கு. ஐப்பசியில இருந்து தைவரைக்கும் நம்மட பக்கம் அந்த 10 ஐ ரெண்டு பேருக்கும் சும்மா குடுத்திடுங்க. மழை ஈரத்தில பிரைமர் (பெயின்டுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) ஸ்பிரே அடிச்சா, கரைப்பான் ஆவியாகிற குளிருக்கு ஈரம் வந்து படிஞ்சு, மொடல் சாம்பல் பூத்து நிக்கும். தூரிகையால பூசுற பிரைமர் எண்டா அந்தக் காலத்திலயும் ஓடும், நேரம்தான் போகும். (பஸ்ஸுக்க போனில “என்ட ஆமிக்குப் பெயின்ட் அடிச்சு முடியல்ல” எண்டு கதைக்காதீங்க, முன் சீட் முழுக்கத் திரும்பும்.)

திரீடி பிரின்ட் மொடலை வோர்ஹாமர் விக்கிற கம்பனி தான் நடத்துற போட்டியில எடுக்காது. நம்மட மேசையில எடுப்பம். ஆனா அடித்தட்டு அளவு சரியா இருக்கோணும். 40 மில்லிமீட்டரில நிக்க வேண்டியவனை 32 இல வைச்சா சந்துக்குள்ளால புகுந்து போவான், சண்டைக்குச் சுத்தி நிக்கிற ஆக்களிட எண்ணிக்கையும் மாறும். உயரமும் கிட்டத்தட்ட ஒத்துவரோணும்.

---

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. 2 / 4 கட்டுப்பாட்டை இந்த மாசமே போட்டுப் பாக்கிறம். இன்னொரு யோசனை: போட்டிக்காரன் புது ஆளோட ஆடக்குள்ள 1700, மற்றவனுக்கு 2000 எண்டு வைச்சா?

---

பழையரூல்புக்

வேணாம். 300 பொயின்டைக் குறைச்சா அவன் லிஸ்டில சும்மா கிடந்ததைத்தான் கழட்டுவான், நெஞ்சு அப்படியே இருக்கும். மற்றவன் தோத்தா இன்னும் அவமானம், வெண்டாலும் “300 கூட இருந்துதே” எண்டுற சொல். அதைவிட லிஸ்டை மாத்தி ஆடுங்க. முதல் ஆட்டம் அவரவர் ஆமி, ரெண்டாம் ஆட்டம் அடுத்தவன்ட ஆமி. போட்டிக்காரனுக்கு மற்றவன்ட லிஸ்ட் எங்க நொண்டுது எண்டு கை வழியாத் தெரியும். புது ஆளுக்கு அந்தப் பயங்கர லிஸ்டையும் எப்படி உடைக்கலாம் எண்டு தெரியும்.

ஒன்பது பேர் எண்டீங்க. நாலு மேசை போக ஒராள் மிச்சம். அந்த ஆளைக் கதிரையில குந்த வைக்காம நடுவராக்குங்க, மாசம் மாசம் மாத்தி. சட்டத்துக்குச் சண்டை எண்டா ரெண்டு நிமிசம் புத்தகத்தில தேடலாம். கிடைக்கல்ல எண்டா அவர் சொன்னதே தீர்ப்பு, சரி பிழையை ஆட்டம் முடியப் பாக்கலாம். இது புதுப் பிரச்சினையே இல்ல. 1824 இல பிரஷ்யப் படையில ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த போர் விளையாட்டில எல்லாத்துக்கும் அட்டவணை, டைஸ், நடுவே ஒரு நடுவர். சட்டம் கூடிப்போய் ஆட்டம் இழுபட்டுப்போச்சு எண்டு 1876 இல அதே படையிட அதிகாரி வெர்டி டு வெர்னுவா அட்டவணையைத் தூக்கி வைச்சிட்டு நடுவரிட அனுபவமே போதும் எண்டிட்டார். நீங்க இப்ப அந்த ரெண்டுக்கும் நடுவில நிக்கிறீங்க.

ஒருத்தரும் கேக்காத விசயம் நேரம். 2000 பொயின்டுக்கு மூண்டு மணித்தியாலம் ஒதுக்குறது வழக்கம், அதுவும் பழகின கைகளுக்கு. நீங்க பஸ்ஸுக்காக மூண்டாம் ரவுண்டில நிப்பாட்டினா யார் வெல்லுவான்? முதல் ரவுண்டில ஒப்ஜெக்டிவ் (மேசையில குறிச்ச இடம்) பிடிச்சதுக்குப் பெரும்பாலும் புள்ளி இல்ல, ரெண்டில இருந்துதான் தொடங்கும். நிலத்தைப் பிடிச்சு நாலு, அஞ்சாம் ரவுண்டில புள்ளி சேர்க்கிற லிஸ்டுக்கு ஆட்டம் வர முதலே கடையைப் பூட்டுறீங்க. முதல் ரெண்டு ரவுண்டில கொல்லுற லிஸ்டுக்கு இதைவிட நல்ல சட்டம் யாரும் எழுதித் தரேலா. உங்கட நாலு பேரும் அப்படி லிஸ்ட் கட்டினதில ஆச்சரியம் இல்ல.

1000 பொயின்டுக்கு இறங்குங்க. அதே 44×60 தான், ரெண்டு மணித்தியாலத்தில அஞ்சு ரவுண்டும் ஓடும். போனில செஸ் கடிகாரம் போட்டு ஆளுக்கு 60 நிமிசம். நேரம் முடிஞ்சவன் காப்பு மட்டும் உருட்டலாம், ஏற்கனவே நிக்கிற இடத்துக்குப் புள்ளி எடுக்கலாம், வேற ஒண்டும் இல்ல. புது ஆக்களுக்கு லிஸ்டே வேணாம் எண்டா கொம்பட் பட்ரோல் எண்டுற சின்னப் படைப் பெட்டி. அதில எல்லாம் முன்னமே நிரப்பிக்கிடக்கும், மேசை 44×30 போதும்.

பசைக்கை, பிளைவூடை 60 இல வெட்டச் சொன்னது எனக்குச் சரியாப் படல்ல. 5 அடிப் பலகையோட எந்தக் கொண்டக்டர் ஏத்துவான்? 96 அங்குல நீளத்தை 30, 30, 30 எண்டு மூண்டா வெட்டுங்க. ஒவ்வொண்டும் 44×30, மிச்சம் 6 அங்குலம். ரெண்டை ஒட்டி வைச்சா 44×60. தனியா எடுத்தா மூண்டு கொம்பட் பட்ரோல் மேசை.

---

பசைக்கை

அது எனக்குத் தோணல்ல. ஆனா ரெண்டு பலகை ஒட்டுற இடத்தில இடைவெளி விழும், மொடலிட அடித்தட்டு அதில ஏறி ஆடும். விளிம்பில 8 மில்லிமீட்டர் ஓட்டை ரெண்டு போட்டு மர ஆணி வைக்கலாம். ரெண்டு பலகையையும் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி அளவைக் குறிச்சா ஓட்டை நேருக்கு நேர் வரும். 9 மில்லிமீட்டர் பலகைக்கு அந்த ஓட்டை கூடிப்போகும், பலகை 12 ஆ இருக்கோணும், அல்லது 5 மில்லிமீட்டர் ஆணி.

வாவிக்கரை

12 எண்டா பாரம் கூடுமே நானா. 9 ஐயே எடுத்து 5 மில்லிமீட்டர் ஆணி போடுறன். மிஞ்சுற 6 அங்குலத் துண்டை எறியாம வைங்க எண்டு தச்சரிட்ட சொல்லியாச்சு. அடித்தட்டுக்கு ஹாட்போட் வேற வாங்கத் தேவையில்லாமப் போகுமா?

பசைக்கை

6×4 நாலுக்கும் காணும். 12×6 க்கு கனம் கூடிப்போகும், 9 மில்லிமீட்டர் படிக்கட்டு மாதிரி நிக்கும், மொடல் விளிம்பில சரியும். பெரிசுக்கு ஹாட்போடே எடுங்க.