என்ஜின் வேலையை வீட்டிலேயே பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

நாலாவது_கியர்:
125 சிசி, ஏர் கூல்டு, கார்பரேட்டர் பைக். ஏழு வருடமாக ஓட்டுகிறேன். போன முறை சர்வீசுக்கு விட்டு எடுத்து வந்த மறுநாள் சும்மா டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கிற குச்சி) எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. சந்தேகம் வந்து ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தேன். அதே பழைய பில்டர், அதே பழைய தூசி. புதுசு போட்டதாகப் பில்லில் இருக்கிறது. சண்டை போடவில்லை, கடையை மாற்றினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். இனி ஆயில், பிளக், பில்டர், டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கிற ராக்கர் கைக்கும் நடுவில் விடுகிற இடைவெளி) நாலையும் நானே பார்க்கலாமா என்று யோசனை. கையில் இருப்பது வண்டியோடு வந்த டூல் கிட்டும் சர்வீஸ் புத்தகமும்தான். செய்யலாமா, இல்லை கையைச் சுட்டுக்கொள்வேனா?

கிரீஸ்கை:
தாராளமாகச் செய்யுங்கள். ஆயில் மாற்றுவது சோறு வடிப்பதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. அஞ்சு நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்குங்கள், ஆயில் இளகி அடியில் படிந்த அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். என்ஜின் அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றி நன்றாக வடியவிடுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, அணைத்து, கொஞ்சம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்தி மட்டம் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கார் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, சில கார் ஆயில்களில் வழுக்கலுக்காகச் சேர்க்கிற சரக்கு கிளட்ச்சையும் சேர்த்து வழுக்க வைத்துவிடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள், கிளட்ச் ஊறுகிற பைக்குக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான ஜப்பான் தர முத்திரை அது.

அரைகுறை:
சோறு வடிப்பதாம். நானும் இப்படி ஒரு பதிவைப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். எல்லாம் ஒழுங்காகப் போனது, கடைசியில் போல்ட்டை முடுக்கும்போது "இன்னும் ஒரு கால் சுற்று, எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு அழுத்து. கையில் திடீரென்று ஒரு இளக்கம் தெரிந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. போல்ட் ஸ்டீல், என்ஜின் அடிப்பக்கம் அலுமினியம், மரை போயே போச்சு. சாயங்காலம் வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம். கடைசியில் ஆள் வைத்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை உள்ளே செருகி வாங்கி வந்தேன். மிச்சம் பிடிக்கப் போனவன் நாலு சர்வீசுக்கு அழுதேன்.

கிரீஸ்கை:
அதற்கு என்ஜின் என்ன செய்யும் நண்பரே? முடுக்கும் அளவு புத்தகத்திலேயே நியூட்டன் மீட்டரில் இருக்கும். அந்த அளவை வைத்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கியிருந்தால் க்ளிக் என்று சத்தம் கேட்டதும் நிறுத்தியிருப்பீர்கள். முதலில் போல்ட்டை வெறும் விரலால் ஏற்ற வேண்டும், விரலுக்கு மசியவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். பிளக்குக்கும் இதேதான், அதுவும் என்ஜின் ஆறின பிறகு. இன்னொன்று, ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளில் இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூக்களில் பாதிக்கு நம் வீட்டு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சரியாகப் பொருந்தாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அழுத்தித் திருகினால் நழுவித் தலையை மழித்துவிடும். அதற்கென்று ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை தனியாகக் கிடைக்கும்.

அரைகுறை:
டார்க் ரெஞ்ச், தனி முனை, போதாததற்கு டேப்பட் இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் தகடு... ஆயில் மாற்றலாமா என்று கேட்டவரிடம் பட்டறை வைக்கச் சொல்கிறீர்கள்.

பழையபிஸ்டன்:
இருபது வருடத்துக்கு மேல் இதே வேலைதான் பார்க்கிறேன், அதனால் என் பக்கச் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். முதலில், பில்டர் போடாமல் பில் போட்டவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆயில், பிளக், பில்டர் நீங்களே செய்யுங்கள், என் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடாது. டேப்பட்டில் மட்டும் கை வைக்கும் முன் யோசிக்கச் சொல்வேன்.

"அண்ணே, டேப்பட் டிக்கு டிக்குன்னு சத்தம் வருது, கொஞ்சம் டைட் வைங்க" என்று வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். சத்தம் வந்தால் பயமில்லை தம்பி, சத்தமே வராத வால்வுதான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில், அதாவது அது வந்து மூடுகிற வளையத்தில், உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமல் வைத்தால் சூட்டில் விரிந்ததும் முழுசாக உட்காராது, விளிம்பு கருகிக் காற்று கசிய ஆரம்பிக்கும். அப்புறம் என்ஜின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். நாம் வைக்கிற இடைவெளி 0.08 மில்லிமீட்டர் மாதிரி இருக்கும், ஒரு தலைமுடி கனம். மேக்னெட்டில் (என்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற சக்கரம்) பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுகிற டி என்ற கோடு வந்துவிட்டது என்று உடனே அளக்கவும் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் நாலு ஸ்ட்ரோக்கும் முடிவதற்குள் அந்தக் கோடு இரண்டு தடவை வரும், கம்ப்ரஷனில் ஒன்று, எக்ஸாஸ்ட் முடிவில் ஒன்று. இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிற நேரம்தான், அதாவது கம்ப்ரஷனில் வருவதுதான், சரியான நேரம். இடைவெளி வைக்கிற ஸ்க்ரூவைப் பூட்டும் லாக் நட்டை முடுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், அதனால் முடுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். புதுசாகச் செய்கிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

கிரீஸ்கை:
அண்ணே, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இவ்வளவையும் ஒரே பத்தியில் சொல்லிவிட்டீர்கள், படித்தவனுக்குப் புரிந்தும் விட்டது, அப்புறம் ஏன் அவன் செய்யக்கூடாது? இன்னொன்று. டேப்பட்டை என்ஜின் முழுசாக ஆறின பிறகுதான் பார்க்க வேண்டும், புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. காலையில் ஓட்டிக்கொண்டு வந்து விட்ட வண்டியை ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிற கடைகளில் யார் ஆறவிடுகிறார்கள்? பாதிப் பேர் ஃபீலர் கேஜை டிராயரிலிருந்து எடுப்பதே இல்லை, காதால் கேட்டு வைக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஆறின வண்டி என் வீட்டில்தான் நிற்கிறது.

பழையபிஸ்டன்:
இந்த அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது, மறுக்கமாட்டேன். ராத்திரி விட்டுவிட்டுப் போங்கள் என்றால் கேட்கிறவர்கள் குறைவு, ஆனாலும் சுடச்சுடத் திறப்பது எங்கள் ஆட்களின் தப்புதான்.

ஆனால் நீங்கள் மெக்கானிக் வேலை என்றால் ஸ்பேனர் பிடிப்பது என்று மட்டும் நினைக்கிறீர்கள். ஒருத்தர் வந்தார், வண்டி ஐட்லிங்கில் ஏறி இறங்குகிறது என்று வீட்டிலேயே மூன்று பிளக் மாற்றி, கார்பரேட்டரை இரண்டு தடவை கழுவி, ஏர் ஸ்க்ரூவை எங்கே இருந்தது என்று குறிக்காமலே திருகி வைத்திருந்தார். கோளாறு கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில், மயிரிழை வெடிப்பு, அந்த வழியே காற்று உள்ளே போகிறது. ரப்பர் மாற்றுவது பத்து நிமிட வேலை. அவர் போட்டுக் குழப்பியதைப் பழைய நிலைக்குக் கொண்டு வரத்தான் எனக்கு மத்தியானம் வரை ஆனது. அட்டவணைப்படி மாற்றுகிற வேலை வேறு, நோய் கண்டுபிடிக்கிற வேலை வேறு.

தேன்மொழி:
நீங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் திங்கட்கிழமைதான் கவலை. தினமும் வேலைக்குப் போக இருப்பது இந்த ஒரே வண்டி. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) அறுந்துபோனால் எந்தக் கடை திறந்திருக்கும்? நான் இருப்பது மாடி வீடு, கீழே ஆயில் சொட்டினால் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். வடித்த கழிவு ஆயிலை எங்கே கொண்டு போவது என்று இதுவரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சாக்கடையில் ஊற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், கேட்டால் கொஞ்சம்தானே என்பார்கள்.

நான் மெக்கானிக்கிடம்தான் விடுகிறேன், ஆனால் கழற்றிய பழைய பில்டரையும் பிளக்கையும் கையில் கொடுக்கச் சொல்லிவிடுவேன். வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக் பார்ப்பேன். முதல் தடவை முறைத்தார், இப்போது நான் கேட்பதற்கு முன்பே ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறார். முதலில் எழுதியவருக்கு வந்த பிரச்சினைக்கு ஸ்பேனர் தேவையே இல்லை என்பது என் கருத்து.

கிரீஸ்கை:
பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடிக் கழிவு ஆயில் வாங்குகிற பட்டறையில் கொடுத்துவிடுவேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. அதோடு மூடின அறைக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆனால் பழைய பில்டரைக் கேட்டு வாங்குவது எல்லாம் ஒரு அளவுக்குத்தான். ஊற்றியது என்ன ஆயில் என்று பையைப் பார்த்தா தெரியும்?

தேன்மொழி:
ஆயிலை நானே வாங்கிக்கொண்டு போவேன். எதிரே நின்று ஊற்ற வைப்பேன்.

நாலாவது_கியர்:
ஞாயிறு முடிந்தது. ஆயில், பிளக், பில்டர் மூன்றும் போட்டாயிற்று. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன், இரண்டரை மணி நேரம் ஆனது. ஆயில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. பில்டர் மூடியில் ஒரு ஸ்க்ரூ தலை மழிந்துவிட்டது, கிரீஸ்கை சொன்ன அந்த முனை இல்லாமல்தான் திருகினேன். டேப்பட்டைத் தொடவில்லை. சனிக்கிழமை ராத்திரி வேறு ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுக் காலையில் கூடவே நின்று பார்க்கப் போகிறேன், சம்மதித்துவிட்டார். டார்க் ரெஞ்ச் பக்கத்து வீட்டில் இரவல்.

அரைகுறை:
டிரெயின் போல்ட் வாஷர் புதுசு போட்டீர்களா?

நாலாவது_கியர்:
வாஷர் மாற்ற வேண்டுமா?

கிரீஸ்கை:
ஐயோ, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். போல்ட் வழியாக ஆயில் கசியாமல் அடைப்பது அந்த வாஷர்தான், முடுக்கினதும் நசுங்கிவிடும்.

பழையபிஸ்டன்:
ஒரு அட்டையை அடியில் போட்டு ராத்திரி நிறுத்துங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் தொடாதீர்கள், அடுத்த ஆயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். சொட்டியிருந்தால் "இன்னும் ஒரு கால் சுற்று" மட்டும் வேண்டாம். சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள், புது ஆயில்தானே, வாஷரைப் போட்டுத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

நாலாவது_கியர்:
அட்டை போட்டாயிற்று. காலையில் சொல்கிறேன்.