ஒரே ஒரு ஆண் ஃபோரிட் ஈ, டிஎன்ஏ பார்கோடு 4% விலகல்: புது இனம்னு எழுதிடலாமா?

நரம்பிறகன்:
ஃபோரிட்ங்கிற குட்டி ஈக் குடும்பத்துல, மெகாசெலியா பேரினத்துல மட்டும் 1,600-க்கு மேல இனங்கள் இருக்கு. அதுல "பார்கோடு 4% விலகுது, அது போதும், வயித்தைக் கழற்றி ஆண் பிறப்புறுப்பைப் பார்க்கிறது பழங்கால வேலை"ன்னு பக்கத்து இழையில ஒருத்தர் படத்தோட எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வருது. வொல்பாக்கியா பாக்டீரியா புகுந்த கூட்டத்துல பார்கோடுக்கு எடுக்கிற மைட்டோகாண்ட்ரியா மரபணு தனி வழி போகும். ஒரே இனம் இரண்டா பிரிஞ்சு தெரியும், இரண்டு இனம் ஒண்ணாவும் தெரியும். கழற்றின வயித்தை 10% கேஓஹெச்-ல (சதையையும் கொழுப்பையும் கரைக்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம்) 5 நிமிஷம் சுடவைங்க. அப்புறம் தண்ணீர், துளி அசிட்டிக் அமிலம், கிளிசரின். இதுக்குமா சோம்பல்?

மலேஸ்வலை:
எழுதினது நான்தான். 2 மி.மீ. ஈயைச் சுடவைக்கணுமா? முழு ஈயையும் புரோட்டினேஸ் கே நொதியில 56 டிகிரியில ராத்திரி பூரா வச்சுத்தான் டிஎன்ஏ எடுத்தேன். சதை அதுலயே கரைஞ்சாச்சு. அதுக்கு மேல சுட்ட காரத்துல போட்டா வெளுத்து ஓரமே தெரியாது.

நரம்பிறகன்:
புரோட்டினேஸ் கே புரதத்தைத்தான் செரிக்கும், கொழுப்பை இல்ல. கொழுப்பு ஒட்டியிருந்தா ஹைபாண்ட்ரியம் (ஆண் பிறப்புறுப்போட அடித்தகடு) மங்கலாத்தான் தெரியும். பக்கத்துலயே இருந்து பாருங்க, தேன் நிறத்துக்கு இறங்கினதும் எடுங்க. 5 நிமிஷம்!

கவர்ஸ்லிப்:
ரெண்டு பேரும் காரத்தையே கட்டிக்கிட்டு அழறீங்க. பல ஃபோரிட்கள்ல பிறப்புறுப்பு இடது வலது ஒண்ணா இருக்காது. கவர்ஸ்லிப் (மெல்லிய மூடுகண்ணாடி) போட்டு அமுக்கினா வடிவமே மாறிடும். முதல்ல குழிவு ஸ்லைடுல கிளிசரின் விட்டு, திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் படம் எடுக்கணும். அப்புறம்தான் யூபாரல் பிசின்ல நிரந்தரமா பதிக்கணும். இன்னொண்ணு: விலங்குப் பெயரிடல் சட்டப்படி 1999-க்குப் பிறகு ஹோலோடைப் (பேருக்கு ஆதாரமான ஒரே மாதிரி) எதுன்னு சொல்லி, எந்தச் சேகரிப்புல வைக்கப் போறோம்னும் எழுதலைன்னா பேரே நிக்காது. உங்க பதிவுல அந்த வரியைக் காணோமே?

மலேஸ்வலை:
2015-ல தென்னாப்பிரிக்காவோட மார்லேயிமியா ஸைலோபோடாங்கிற ஈ, புது இனமா வெறும் புகைப்படத்தை வச்சே வந்தது. சட்டம் இடம் கொடுக்குது, உங்களுக்குத்தான் மனசு வரல.

நரம்பிறகன்:
அது பாம்பிலிட், வேற ஈக் குடும்பம். உருவமும் நிறமும் படத்துலயே பேசும். பழுப்பு நிறத்துல ஒண்ணு போல இருக்கிற ஃபோரிட்டுக்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. போன தடவை பெண் பூச்சியை மட்டும் வச்சுப் பேர் வைக்கக் கிளம்பினீங்களே, ஆண் எங்கேன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. கேஓஹெச்-ஐயும் அப்படியே மழுப்பப் பாக்கறீங்க.

கவர்ஸ்லிப்:
படத்துல கண்ணு ரெண்டும் உள்ள குழிஞ்சு கிடக்கு. எத்தனால்ல இருந்து எடுத்து நேரா காயவச்சிருக்கார். ஹெச்எம்டிஎஸ்ங்கிற உலர்த்தும் திரவத்துல மாத்திக் காயவச்சா இப்படிச் சுருங்காது. நெற்றி முள் வரிசையை இதுல எப்படி எண்ணுறது?

மலேஸ்வலை:
நெற்றி முள் இங்க பேச்சே இல்ல. நீங்க அனுப்பின ஸ்லைடுல காற்றுக் குமிழி இருந்ததை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?

நரம்பிறகன்:
குமிழியெல்லாம் இருக்கட்டும். கேஓஹெச் போடுவீங்களா, மாட்டீங்களா?

மலேஸ்வலை:
போட்டாலும் சுடவைக்க மாட்டேன். அறை வெப்பத்துல ராத்திரி பூரா.

நரம்பிறகன்:
அப்போ காலையில வெளுத்த தோல்தான் கிடைக்கும். சுடவச்சா கண்ணு முன்னாடியே நிறுத்தலாம். 5 நிமிஷம்.

மலேஸ்வலை:
உங்க 5 நிமிஷத்தை உங்க ஈக்கே வச்சுக்கோங்க.