மெல்பர்ன் புறநகர்ப் போகன்: அருகிவரும் உயிரினமாக அறிவிக்க வேண்டுமா?

வடபுறத்தான் (கேள்வி):

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னின் வட புறநகர் ஒன்றில் குடியிருக்கும் எனக்குப் பறவை பார்ப்பதே பொழுதுபோக்கு. அந்தப் பழக்கத்தினால், நான் குடிவந்த காலத்தில் தெருவுக்குத் தெரு தென்பட்டு, இப்போது அரிதாகிவிட்ட போகன் (நாகரிகம் போதாதவர் என்று உழைக்கும் வர்க்கத்தாரை ஆஸ்திரேலியாவில் கேலியாக அழைக்கும் பெயர்) என்னும் உயிரினத்தைப் பற்றியும் கள நோட்டில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆணுக்கு முன்பக்கம் ஒட்ட வெட்டிப் பின்பக்கம் பிடரியில் வழியவிட்ட முல்லட் முடி உண்டு. உடலைக் கட்டம் போட்ட பிளானல் சட்டை போர்த்தியிருக்கும். கோடை தொடங்கியதும் அதன் கைகள் மட்டும் உதிர்ந்துவிடும். கால்களில் ரப்பர் செருப்பும், குளிர்காலமானால் ஆட்டுத்தோல் அக் பூட்ஸும் காணப்படும். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'மீட் பை', தக்காளி சாஸ், விக்டோரியா பிட்டர் பியர் ஆகியவை முதன்மை உணவு. ஆணும் பெண்ணும் வீ8 எஞ்சினின் உறுமலால் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. விரும்பும் காரைப் பொறுத்து ஹோல்டன், ஃபோர்டு என்று இரு கிளையினங்கள் உண்டு. இவை ஆண்டுதோறும் அக்டோபரில் பாத்தர்ஸ்ட் நகரின் பனோரமா மலையில் நடக்கும் கார்ப் பந்தயத்துக்குத் திரளும்போதும் தனித்தனிக் கூட்டமாகவே தங்கும்.

இவர்கள் வேலை பார்த்த கார் ஆலைகளில், மெல்பர்னின் பிராட்மெடோஸ் ஃபோர்டு ஆலை 2016 அக்டோபரில் நின்றது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் ஆல்டோனாவின் டொயோட்டா ஆலையும் அடிலெய்டை அடுத்த எலிசபெத்தின் ஹோல்டன் ஆலையும் மூடப்பட்டன. 2020இல் ஹோல்டன் என்ற பெயரையே கைவிடப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்துவிட்டது. வாழிடம் இப்படிச் சுருங்கியபின் இந்த இனத்தை, அருகிவரும் உயிரினங்களுக்கான செம்பட்டியலில் சேர்க்க வேண்டாமா?

மேற்குக்கரை (மறுமொழி):

நண்பரே, உங்கள் குறிப்பு நன்று. ஆனால் எண்ணிக்கை குறைந்ததாக நீங்கள் நினைப்பது, ஒரே இடத்தில் நின்று கணக்கெடுத்ததால் வந்த பிழை. மெல்பர்னின் மேற்குப் புறநகர்களான ஃபுட்ஸ்கிரேயிலும் சன்ஷைனிலும் வீட்டு விலை ஏறியதும் கூட்டம் மெல்டன், கிரான்போர்ன், பாக்கன்ஹாம் என்று வெளிவிளிம்புக்கு நகர்ந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அங்குள்ள வன்பொருள் கடை வாசலில் வெங்காயத்தோடு சாசேஜ் சுடும் இடத்தில் நின்று பாருங்கள்.

மேலும், இதில் வலசை போகும் வகை ஒன்றும் இருப்பதை விட்டுவிட்டீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வீடும், தொலைவிலுள்ள பில்பரா இரும்புச் சுரங்கத்தில் வேலையுமாக விமானத்திலேயே போய்வரும் அந்த வகை, சுரங்கத் தொழில் கொழித்த காலத்தில் கை நிறையச் சம்பாதித்து, ஜெட் ஸ்கீயும் பின்பக்கம் சரக்குத் தட்டு வைத்த பெரிய யூட் வண்டியும் வாங்கி, விடுமுறைக்குப் பாலித் தீவின் கூட்டா கடற்கரையில் இறங்கும். சிட்னியில் வெஸ்டி, கான்பெராவில் பூனர், ஹோபார்ட்டில் சிகர் என்று இடத்துக்கு இடம் வேறு பெயர்களில் பதிவாகியிருப்பதையும் சேர்த்து எண்ணினால், செம்பட்டியலுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தை நீங்களே விட்டுவிடுவீர்கள்.

அடிலெய்டு முத்து (மறுமொழி):

எலிசபெத்துக்கு அருகில் வசிப்பவன் என்ற முறையில் ஒரு திருத்தம். இது பூர்வீக இனமே அன்று. முயலைப் போலக் கப்பலில் வந்து பெருகியது. 1950களில் தென் ஆஸ்திரேலிய அரசு திட்டமிட்டுக் கட்டிய எலிசபெத்தில் குடியேறியவர்களில் பெரும்பகுதியினர், பத்துப் பவுண்டு கட்டணத்தில் கப்பலேறி வந்த பிரித்தானியக் குடும்பத்தினர். அந்த ஊரில் வளர்ந்த பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் பிறந்தது கிளாஸ்கோவில்; ஏசி/டிசி ராக் இசைக் குழுவின் யங் சகோதரர்கள் பிறந்ததும் கிளாஸ்கோவில்தான்; அக்குழுவின் பாடகர் பான் ஸ்காட்டும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே. தோளில் ஆஸ்திரேலியக் கொடியிலுள்ள தெற்குச் சிலுவை விண்மீன்களைப் பச்சை குத்திக்கொண்டு, நேற்று வந்தவர்களை ஊருக்குத் திரும்பச் சொல்லும் சில மாதிரிகளிடம் இந்தத் தகவலைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும்.

சன்ஷைன் ராகவி (மறுமொழி):

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனாலும் வடபுறத்தான் ஐயா ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரி முடித்து உள்நகரில் குடியேறியவர்கள், தங்களைவிடக் குறைவாகப் படித்து, சில வேளைகளில் தங்களைவிட அதிகம் சம்பாதிப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே இந்தப் பெயர் பெரிதும் பயன்பட்டு வந்திருக்கிறது. ஏழை என்று சொல்லிச் சிரித்தால் முகம் சுளிப்பார்கள். போகன் என்று சொன்னால் யாரும் சுளிப்பதில்லை.

உண்மையில் அருகிவருவது எது என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. சன்ஷைனில் மெக்கேயின் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. அதனையொட்டி எழுந்த வழக்கில்தான், தனித்திறன் பயிலாத தொழிலாளியும் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் ஓரளவு வசதியாக வாழப் போதுமான கூலி பெற வேண்டும் என்று 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் தீர்ப்பளித்து, நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என்று வரையறுத்தார். பெண்ணின் கூலியை அந்தக் கணக்கு மறந்தது வேறு கதை. இருந்தும், ஒருவர் ஆலைக்குப் போய் வந்தே வீடும், முற்றத்தில் கழற்றிப் போட்டுப் பழுது பார்க்க ஒரு பழைய காரும் வைத்துக்கொள்ளலாம் என்ற வாழ்க்கை, நெடுங்காலம் அந்த எண்ணத்தின் மேல்தான் நின்றது. ஆலை நின்ற இடத்தில் இன்று கடைத்தொகுதி இருக்கிறது. அங்கு மணிக்கணக்கில் கூலி பெற்று நிற்கும் பையனுக்கு அந்தப் பகுதியில் வீடு வாங்குவது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். முல்லட் முடிக்கு ஓர் ஆபத்தும் இல்லை. செம்பட்டியலில் எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் அந்தக் கூலியைச் சேருங்கள்.

வடபுறத்தான்:

ராகவி அவர்களே, ஏற்றுக்கொள்கிறேன். குறிப்பில் 'வாழிடம்' என்ற பகுதியை ஆலையிலிருந்தே தொடங்கி மறுபடி எழுதுகிறேன். ஆயினும், இந்த இனத்தார் தங்களைப் பற்றித் தாங்களே சிரித்துக்கொள்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாத்தர்ஸ்ட் மலையில் கூடாரம் அடிப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 24 கேன் பியர் என்று காவல்துறை வரம்பு கட்டியபோது, அதைக் கொடுமையான பட்டினி என்று நொந்துகொண்டவர்கள் அவர்களேதான்.

கிரான்போர்ன் அப்பா (மறுமொழி):

முல்லட்டுக்கு ஆபத்தில்லை என்று ராகவி தங்கை எழுதியது முழு உண்மை. நியூ சவுத் வேல்ஸின் குர்ரி குர்ரி என்னும் சுரங்க ஊரில் 2018 முதல் முல்லட் முடிக்கென்றே போட்டி நடத்துகிறார்கள். உள்நகரக் காப்பிக் கடைகளில் பால் நுரைக்கும் இளைஞர்களின் தலையிலும் இப்போது அதே முடிதான். ஹோல்டன் காரை ஒருநாளும் தொட்டிராதவர்களிடமும் இறகு மட்டும் பரவுகிறது என்று உங்கள் கள நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலும் பரவிவிட்டது. கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போய்வரும் என் மகன், பள்ளியில் எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும் முல்லட் வேண்டும் என்று நிற்கிறான். அரங்கேற்றத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நான் சற்று இளகினேன். அவனுடைய அம்மாவோ, மாமியார் கொழும்பிலிருந்து வந்து திரும்பும் வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.